கொரோனா பேட்டாவும் தேசம்மாவின் மூக்கும்

1

நேற்றுக் காலை ஒருவர் எங்கள் கவுண்டரில் நின்று சத்தம் போட்டார். அவர் வாங்கிய காபித்தூள் பொட்டலத்தைப் பையில் போடுவதற்கு முன்னால் தேசம்மா மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டாள். "நான் குடிக்கப்போற காபியை நீ ஏம்மா மோந்து பாக்குற?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். தேசம்மா பொட்டலத்தைப் பையில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜர் பாஸ்கர் சாரிடம் போனார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் பெயர் வதனி. பருத்தித்துறைக்காரி. வெளிநாடு என்றால் உங்களுக்குக் கனடாவும் லண்டனும்தான் நினைவுக்கு வரும். பனி கொட்டாத, தமிழே பேசுகிற வெளிநாடும் ஒன்று இருக்கிறது, அதில்தான் நான் இருக்கிறேன். சென்னையில், மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளிப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். எங்கள் கடையில் ஒரு கவுண்டருக்கு இரண்டு பேர். ஒருத்தி பில் போடுவாள், பக்கத்தில் நிற்பவள் சாமானைப் பையில் அடுக்குவாள். எனக்குப் பை அடுக்குகிறவள் தேசம்மா, பக்கத்துக் கடற்கரையில் மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்துப் பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள்.

பாஸ்கர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இது மூன்றாவது புகாராம். நான்தான் மூத்தவள் என்பதால் நானே அவளிடம் சொல்ல வேண்டுமாம். இந்தப் பழக்கத்தை விடாவிட்டால் அவளைப் பின்கட்டுக்கு, மிளகாய்த்தூளும் பருப்பும் பொட்டலம் போடுகிற அறைக்கு மாற்றிவிடுவார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் யாரும் அதிக காலம் வேலையில் நின்றதில்லை. தேசம்மாவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவருக்கும் தெரியும்.

அவள் ஏன் மோந்து பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

2

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மொழி பேசுகிற நாட்டுக்கு வந்தால் மொழிக் கஷ்டம் இல்லை என்று நினைப்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு அம்மா சக்கரை எங்கே என்று கேட்டார். நான் அவரை வெல்லக் கட்டிகள் அடுக்கியிருந்த தட்டுக்குக் கூட்டிப்போனேன். நமக்குச் சர்க்கரை அதுதானே. அவருக்கு வேண்டியது சீனி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ சிலோனா?" என்று கேட்டார். குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி எப்போது வந்தீர்கள், அதற்கடுத்தது பேப்பர் எல்லாம் இருக்கிறதா, என்றுதான் போகும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் கடைக்குள் நான் சென்னைக்காரி. 'கதைக்கிறது' என்பதைப் 'பேசறது' ஆக்கினேன். 'ஏலாது' என்பதை 'முடியாது' ஆக்கினேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் நாக்கைக் கழற்றி மாட்டுவேன். வீட்டில் என் மகள் ஆரணி அதையும் விடமாட்டாள். இங்கே பிறந்தவள், பேச்செல்லாம் மந்தைவெளிப் பேச்சு. "உங்க ஊர்ல ஏம்மா எல்லாத்துக்கும் வேற பேரு?" என்பாள். 'உங்க ஊர்' என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். அவளுக்கு ஊர் எது என்று சட்டமும் இன்னும் சொல்லவில்லை, அது வேறு கதை.

அப்படி மாற்றிப் பேசிய பிறகும் கடையில் என்னைக் கண்டுபிடித்தவள் தேசம்மாதான். சூடை மீன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "நீ எந்தக் குப்பம்க்கா?" என்று கேட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் மீன் பேச்சுதான். கருவாட்டுப் பொட்டலத்தைத் திறக்காமலே இது நெத்திலி, இது வாளை என்று அவள் மோந்து சொல்லுவாள். நானும் கடற்கரைக்காரிதான், எனக்கு அவ்வளவு மூக்கு இல்லை.

3

ஊரடங்கு வந்தது. ஊரே வீட்டுக்குள் போனது, நாங்கள் மட்டும் வெளியே வந்தோம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. தேசம்மா லூப் ரோடு வழியாக நடந்து வருவாள். கடற்கரையில் மீன் விற்கிறவர்கள் ஒருவரும் இல்லை, படகெல்லாம் கரையில் கிடந்தன, அவள் புருஷன் கடலுக்குப் போகவில்லை. என் வீட்டிலும் இவர், என் புருஷன், சும்மா இருந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை அவருக்கு, அச்சகம் பூட்டிக் கிடந்தது. உங்களில் பலருக்குத் தெரியும், இவருக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம் உண்டு. இங்கே அதை ஆஸ்துமா, வீஸிங் என்கிறார்கள். முட்டு வந்தால் தெருமுனை டாக்டரிடம் போய் மருந்துப் புகை பிடித்துவிட்டு வருவார். அந்த டாக்டரும் கதவைப் பூட்டிவிட்டார்.

கடையில் ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றார்கள். மிஞ்சியவர்களைப் பிடித்துவைக்க முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். சம்பளத்துக்கு மேலே ஆபத்துக்காக ஒரு தொகை. இப்படிக் கொடுக்கிற படிக்கு இங்கே பேட்டா என்று பெயர். இதற்குக் கொரோனா பேட்டா என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். உயிருக்கு ஒரு விலை போட்டிருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. விலை போட்டதற்கா, விலை குறைவு என்றா என்பதை இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பேட்டாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மாதம் முழுக்க ஒரு நாள்கூட லீவு எடுக்கக் கூடாது. அதோடு, கவுண்டரில் ஜோடியாக நிற்கிறவர்களில் ஒருத்தி லீவு எடுத்தாலும் இரண்டு பேருக்கும் பேட்டா கிடையாது. ஒருத்தி வராவிட்டால் கவுண்டரைத் திறக்க முடியாதே, அதுதான் காரணம் என்றார் பாஸ்கர் சார். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான விதியை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு எங்களையே காவல் வைத்துவிட்டார்கள்.

அறிவித்த அன்று மத்தியானம் சாப்பிடும்போது தேசம்மாவிடம் என் கணக்கைச் சொன்னேன். அந்தப் பேட்டா வந்தால் இவருக்கு நெபுலைசர் மிஷின் வாங்கிவிடுவேன், வீட்டிலேயே மருந்துப் புகை பிடிக்கலாம், மழைக்காலத்துக்கு முன் வாங்க வேண்டும் என்றேன். பிறகும் பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டதற்கு, வயிற்றுக்குத்தான் என்று சிரித்தாள்.

4

அந்த மாதம் எங்கள் கடையில் முன்தட்டில் நிறையக் கருவாடு வைத்தார்கள். மீன் கிடைக்காததால் கேட்டவர்கள் அதிகம். மயிலாப்பூரில் கருவாடா என்று மாமிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டைத் தாண்டிப் போவார்கள்.

மாதக் கடைசி நெருங்கிய நாட்களில் தேசம்மா பேச்சைக் குறைத்திருந்தாள். வாசலில் நெற்றியில் சூடு பார்க்கும் கருவி வைப்பார்கள். அதற்கு முன்னால் அவள் பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வருவாள். வெயிலில் நடந்து வருகிறாள், கழுவுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலை, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மாமி காபித்தூளும் தயிரும் வாங்கினார். அவருக்கு முன்னால் நின்றவர் கிழிந்துபோன கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை வேண்டாம் என்று மேசையிலேயே விட்டுப் போயிருந்தார். நான் பில் போட்டு முடித்தேன். மாமி பையை வாங்கினார், திறந்தார், பின்வாங்கினார்.

"என்னடிம்மா இது, காபிப் பொடியோட கருவாட்டையும் போட்டுத் தரியே. இதை எப்படி ஆத்துக்கு எடுத்துண்டு போவேன்?"

முகக்கவசம் போட்டிருந்தும் மாமிக்கு மணந்தது. கவுண்டரை மறைத்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளுக்கு இந்தப் பக்கம் எனக்கும் மணந்தது. கிழிந்த பொட்டலத்தைக் கையால் எடுத்துப் பையில் போட்ட நொச்சிக்குப்பத்துப் பெண்ணுக்கு மட்டும் மணக்கவில்லை. அவள் பையையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தப்பு என்றே அவளுக்குப் புரியவில்லை.

மணம் போவதுதான் கொரோனாவுக்கு அடையாளம் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமிக்கு வேறு பை போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பிறகு அந்தக் கருவாட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். முகக்கவசத்தை இறக்கி மோந்தாள். இன்னொரு தடவை மோந்தாள். அவள் கண் நிறைந்தது.

"சொல்லாதக்கா," என்றாள். "இன்னும் கொஞ்ச நாள்தான் கீது. பேட்டா பூடும்க்கா. ரெண்டு பேருதும் பூடும்."

எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டேன். முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த பையைப் பிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. நாள் முழுக்க இவளோடு தோள் உரசி நின்றுவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போகிறேன், இவருக்குச் சோறு போடுகிறேன், இவர் பக்கத்தில் படுக்கிறேன். பேட்டாவுக்காக என் புருஷனின் மூச்சில் கை வைத்துவிட்டாள் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஒரு கைப்பிள்ளைக்காரி அடுத்ததாக வந்து கூடையை வைத்தாள்.

நான் எழுந்து நின்றேன். இத்தனை வருடம் கடைக்குள் அடக்கி வைத்த நாக்கு தானாக அவிழ்ந்தது.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ. இந்தப் பிள்ளைக்கு மணம் தெரியேல்லை. நானும் இவளோடைதான் நிண்டனான். சேர், கடையைப் பூட்டுங்கோ."

வரிசை கலைந்தது. பாஸ்கர் சார் ஓடிவந்து என்னை அடக்கப் பார்த்தார், அதற்குள் பாதிப் பேர் தெருவில் நின்றார்கள். தேசம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

5

இருவருக்கும் பரிசோதனை, இருவருக்கும் இருக்கிறது என்று முடிவு வந்தது. எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை, ஆனால் இருந்தது. நல்லவேளையாக முடிவு வரும்வரை நான் வீட்டுக்குள் போகாமல் மொட்டை மாடியில் இருந்தேன். இவரும் மகளும் கீழே.

மாநகராட்சியிலிருந்து என்னை அழைத்துப்போக வந்த இளைஞர் ஆதார் எண் கேட்டார். இல்லை என்றேன். வோட்டர் ஐடி கேட்டார். இல்லை. ரேஷன் கார்டு. அதுவும் இல்லை. நான் நீட்டியது காவல் நிலையத்தில் அகதியாகப் பதிந்த தாள். அவர் கையில் இருந்த போனில் அந்தத் தாளுக்கு இடமே இல்லை. கெட்டவர் இல்லை, பாவம், வியர்த்து ஊற்றுகிற கவச உடைக்குள் நின்றுகொண்டு யார் யாருக்கோ போன் போட்டார். ஸ்டேஷனைக் கேட்க வேண்டியிருக்கும் என்றார். ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் நான் மாடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பயம் மட்டும் போவதில்லை.

கீழே இருந்து ஆரணி பேசினாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. "அண்ணா, இன்னாண்ணா இது. வியாதிக்கு ஆதார் இருக்கான்னு பாத்தா வந்துச்சு? அந்தக் கட்டத்துல வேற எதுனா நம்பர் போடுங்கண்ணா, நான் எழுதித் தரேன்." அந்த இளைஞர் சிரித்துவிட்டார். பதிவுத் தாளின் எண்ணையே போட்டார்கள், போன் ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊர்ப் பேச்சு வராத பிள்ளை என்று நான் குறைப்பட்ட மகளின் பேச்சுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. பெருமையாகவும் இருந்தது, அவள் என்னை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்றும் இருந்தது. வீட்டுக் கேட்டை மறித்துத் தகரம் அடித்தார்கள்.

எங்களைக் கொண்டுபோய்ப் போட்டது ஒரு கல்லூரிக் கூடத்தில். வரிசையாகக் கட்டில்கள். என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் தேசம்மா. கடையில்தான் ஜோடி என்றால் அங்கேயுமா என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. நான் அவளோடு பேசவில்லை. அவள் இரண்டு தடவை அக்கா என்று கூப்பிட்டாள், நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஒரு மத்தியானம் ஆரணி போன் செய்தாள். அப்பாவுக்கு முட்டு வந்துவிட்டது. இன்ஹேலர் பம்ப் அடித்தும் நிற்கவில்லை. நெபுலைசர் இல்லை, டாக்டர் இல்லை, கேட்டில் தகரம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, வரவில்லை. அவள் போனை அவர் பக்கத்தில் வைத்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன். கூடம் முழுக்க அந்த இழுப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மூச்சும் பாதியில் நின்று, இழுத்து, மறுபடி நின்றது.

"நீர் பயப்பிடாதையும்," என்றார், மூச்சுக்கு நடுவில். "எனக்கு ஒண்டுமில்லை."

அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. நான் வாசலுக்கு ஓடினேன், காவலுக்கு நின்றவர் விடவில்லை. விட முடியாது என்று எனக்கும் தெரியும். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் இருக்கும்வரை ஆள் இருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் தேசம்மா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். கேட்கட்டும் என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இவருக்கும் கொரோனா என்று சொல்லி ஆக்சிஜன் வைத்தார்கள். இவர் பிழைத்தார். ஆனால் பழைய நெஞ்சு திரும்பவில்லை. இன்று மாடிப்படி ஏற இரண்டு இடத்தில் நிற்கிறார். அச்சக வேலையை விட்டுவிட்டார்.

6

நாங்கள் வேலைக்குத் திரும்பியபோது மற்றவர்களுக்குப் பேட்டா போட்டிருந்தார்கள். எங்கள் கவுண்டருக்கு இல்லை. விதி விதிதான் என்றார் பாஸ்கர் சார். அடுத்த மாதம் யாருக்குமே இல்லை, அதை அறிவிக்கக்கூட இல்லை. ஆபத்து அப்படியே இருந்தது, அதற்கான படி மட்டும் நின்றுபோனது. நெபுலைசரைப் பிறகு தவணையில் வாங்கினேன்.

தேசம்மாவோடு பேச்சும் மெல்லத் திரும்பியது. பக்கத்தில் நின்று எத்தனை நாள் பேசாமல் இருப்பது. மீனைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, பெட்ரோல் விலையைப் பற்றி எல்லாம் பேசினோம். அதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. இந்த மோந்து பார்க்கும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. அன்று செய்த தவறுக்குப் பயந்து, பைக்குள் தப்பான சாமான் போகாமல் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பார்க்கும்போதெல்லாம் பழைய கோபம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

இன்று டீ நேரத்தில் கடைக்குப் பின்னால் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பின்கட்டு என்றதும் முகம் கறுத்தது. சாமானை மோந்து பார்த்து என்ன ஆகப்போகிறது, விட்டுவிடேன் என்றேன்.

"சாமானை யாருக்கா பாத்தா? என் மூக்கைப் பாக்கறேன்," என்றாள். "அன்னைக்கு போன்ல மாமா மூச்சு இழுத்தாரே, அது இன்னும் காதுல கேட்டுக்கினே கீது. வாசன தெரியுதான்னு பாத்துக்கினேதான் நிக்கறேன். தெரியலைன்னா அந்த நிமிஷம் உன் பக்கத்துல நிக்க மாட்டேன்."

எனக்குள் இருந்த பழைய கோபம் வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு இந்தப் புத்தி எங்கே போனது, பேட்டா அவ்வளவு பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டேன்.

அவள் டீக் கப்பைக் கீழே வைத்தாள். "எனக்கு இன்னாக்கா, பேட்டா வந்தா சோறு, வரலைன்னா கஞ்சி. நீதான் மாமாவுக்கு மிஷின் வாங்கணும், மழைக்கு முன்னாடி வாங்கணும்னு டெய்லி சொல்லிக்கினு இருந்த. நான் லீவு போட்டா உன்னுதும் பூடும். அதான் காய்ச்சலோட வந்தேன்."

இரண்டு பேருடையதும் போகும் என்று அன்றைக்கே சொன்னாள். நான்தான் பாதியைக் கேட்டேன். இவருடைய மூச்சுக்காகக் காய்ச்சலோடு நடந்துவந்து, அந்த மூச்சையே நிறுத்தப் பார்த்திருக்கிறாள், அது தெரிந்து இத்தனை வருடம் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான் முடிந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனாள்.

பாஸ்கர் சார் எதிரில் வந்தார். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார்.

"சொல்ல ஏலாது சேர்," என்றேன். சென்னைப் பேச்சுக்கு மாற்றத் தோன்றவில்லை. "அவளைப் பின்னாலை அனுப்பிறதெண்டா என்னையும் சேர்த்து அனுப்புங்கோ. ஒருத்தி போனா ரெண்டு பேரும் எண்டு விதி வைச்சது நீங்கள்தானே."

அவர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். மாதத்தின் முதல் வாரம், கூடைகள் வாசல்வரை நின்றன. போய்க் கவுண்டரைத் திறங்க என்றார். நாளைக்கு மறுபடி கூப்பிடுவாரோ என்னவோ, தெரியாது.

கவுண்டரைத் திறந்தேன். முதல் கூடையில் காபித்தூள் இருந்தது. பில் போட்டு தேசம்மா பக்கம் தள்ளினேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அதை மூக்கருகே கொண்டுபோனாள். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் தலையை ஆட்டும்வரை அடுத்த சாமானைத் தொடாமல் காத்திருந்தேன்.